உலோக உத்திரங்களின் வளைவு: அளந்த மதிப்பும் கோட்பாட்டு மதிப்பும் – ஒரு திறனாய்வு

சுமை தாங்கும் உலோக உத்திரம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து, அதைக் கோட்பாடு தரும் மதிப்புடன் ஒப்பிடுவது, இயற்பியல் மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் செய்யும் அடிப்படை ஆய்வுகளில் ஒன்றாகும். ஒரு சட்டம், இரண்டு கத்தி முனைகள், சில எடைக்கற்கள், ஒரு டயல் கேஜ் அல்லது நகரும் நுண்ணோக்கி ஆகியவை இதற்குப் போதும். ஆய்வகப் பதிவேட்டில் முடிவு பெரும்பாலும் ஒரே வரியில் எழுதப்படுகிறது: இரண்டு மதிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு இத்தனை சதவீதம், அளவீட்டுப் பிழையே இதற்குக் காரணம். இந்த முடிவு பல நேரங்களில் தவறானது. வேறுபாட்டின் அளவைவிட, சுமை கூடும்போது அது எப்படி மாறுகிறது என்பதே அதன் காரணத்தைக் காட்டும். சராசரிச் சதவீதம் அந்தச் செய்தியை அழித்துவிடுகிறது.

கோட்பாடு கூறுவது

உத்திரம் கீழ்நோக்கி வளையும்போது அதன் மேற்பகுதி சுருங்குகிறது, கீழ்ப்பகுதி நீள்கிறது. இரண்டுக்கும் இடையில் நீளம் மாறாத ஓர் அடுக்கு உண்டு. அது நடுநிலைப் பரப்பு எனப்படும். இரு முனைகளிலும் கத்தி முனைகள் தாங்கும் உத்திரத்தின் நடுவில் சுமை வைத்தால், நடுப்புள்ளி கீழிறங்கும் தொலைவைப் பின்வரும் வாய்பாடு தருகிறது:

இறக்கம் = (சுமை × நீளத்தின் மூன்றாம் படி) ÷ (48 × யங் குணகம் × குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன்)

இங்கு நீளம் என்பது கத்தி முனைகளுக்கு இடைப்பட்ட தொலைவு. செவ்வகக் குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன், அகலத்தைத் தடிமனின் மூன்றாம் படியால் பெருக்கி 12 ஆல் வகுத்தால் கிடைக்கும்.

இந்த வாய்பாட்டுக்குப் பின்னால் பல எடுகோள்கள் உள்ளன. பொருள் ஊக்கின் விதிக்கு உட்பட வேண்டும். வளைவதற்கு முன் தளமாக இருந்த குறுக்குவெட்டு, வளைந்த பின்னும் தளமாகவே இருக்க வேண்டும். இறக்கம் நீளத்தோடு ஒப்பிடச் சிறியதாக இருக்க வேண்டும். தாங்கிகள் அசையக் கூடாது; அதே நேரத்தில் முனைகள் தடையின்றித் திரும்ப அவை இடம்கொடுக்க வேண்டும். ஒப்பீட்டில் வேறுபாடு தோன்றினால், இவற்றில் ஒன்று மீறப்பட்டிருக்கலாம். வாய்பாட்டில் இட்ட எண்களில் ஒன்று தவறாக இருக்கலாம். அளவியைப் படித்ததில் தவறு நேர்ந்திருக்கலாம். பதிவேடுகளில் பெரும்பாலும் கடைசிக் காரணம் மட்டுமே இடம்பெறுகிறது.

ஒரே சதவீதம், மூன்று காரணங்கள்

ஒரு கணக்கின் மூலம் இதை விளக்கலாம். கத்தி முனைகளின் இடைத்தொலைவு 800 மி.மீ., சட்டத்தின் அகலம் 25 மி.மீ., தடிமன் 6 மி.மீ., எஃகின் யங் குணகம் சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன் எனக் கொள்வோம். நடுவில் 1, 2, 3, 4 கி.கி. எடைகளை வைத்தால், கோட்பாட்டின்படி இறக்கங்கள் முறையே 1.16, 2.33, 3.49, 4.65 மி.மீ. ஆகும். மூன்று மாணவர்கள் இந்த ஆய்வைச் செய்து பின்வரும் அளவீடுகளைப் பெற்றதாகக் கருதலாம். இவை விளக்கத்துக்காக அமைத்த எண்கள்.

முதல் மாணவர்: 1.26, 2.43, 3.59, 4.75 மி.மீ.
இரண்டாம் மாணவர்: 1.21, 2.43, 3.64, 4.86 மி.மீ.
மூன்றாம் மாணவர்: 1.17, 2.38, 3.68, 5.09 மி.மீ.

மூவருக்கும் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 4.5 சதவீதமே. வழக்கமான முறையில் எழுதினால் மூன்று பதிவேடுகளும் ஒரே முடிவைக் காட்டும். உண்மையில் மூன்றும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன.

முதல் பட்டியலில் ஒவ்வொரு அளவும் கோட்பாட்டு மதிப்பைவிட 0.10 மி.மீ. கூடுதல். சதவீதமாகப் பார்த்தால் முதல் எடைக்கு 8.6 ஆகவும் கடைசி எடைக்கு 2.1 ஆகவும் வேறுபாடு குறைகிறது. ஆனால் ஒரு கி.கி. கூடும்போது ஏற்படும் இறக்கம் கோட்பாட்டோடு முழுமையாகப் பொருந்துகிறது. சட்டம் கத்தி முனைகளில் சரியாக அமராமல் இருந்து, முதல் எடை விழுந்ததும் அமர்ந்திருக்கிறது. அல்லது தொடக்க அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்திலும் குறையில்லை, கோட்பாட்டிலும் குறையில்லை. சிறிதளவு எடையை முன்னதாகவே ஏற்றி இறக்கிவிட்டு அளக்கத் தொடங்கியிருந்தால் இந்த வேறுபாடு தோன்றியிருக்காது.

இரண்டாம் பட்டியலில் வேறுபாடு எல்லாச் சுமைக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் உள்ளது. சுமையும் இறக்கமும் நேர்விகிதத்தில் இருக்கின்றன. வரைபடக் கோடு தொடக்கப் புள்ளி வழியே செல்கிறது. ஆனால் அதன் சாய்வு கூடுதல். வாய்பாட்டில் இட்ட ஏதோ ஓர் எண் பொருந்தவில்லை என்பதே இதன் பொருள். அது தடிமனாகவோ யங் குணகமாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. எடையை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் இந்த வேறுபாடு மறையாது.

மூன்றாம் பட்டியலே கவலைக்குரியது. முதல் எடைக்குக் கோட்பாட்டோடு ஏறத்தாழ ஒத்துப்போகும் சட்டம், அடுத்தடுத்த எடைகளுக்கு 1.21, 1.30, 1.41 மி.மீ. என மேலும் மேலும் கூடுதலாக இறங்குகிறது. எஃகு மீட்சி எல்லையைக் கடந்துவிட்டதா? 4 கி.கி. எடையில் சட்டத்தின் விளிம்பில் தோன்றும் தகைவு சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 52 நியூட்டன் மட்டுமே. சாதாரணக் கட்டுமான எஃகு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் வரை தாங்கிய பின்னரே இளகத் தொடங்கும். ஆகவே பொருளின் மீது பழிபோட முடியாது. தாங்கி நகர்கிறது, கத்தி முனை சரிகிறது, அல்லது மேசையே இணங்குகிறது. கட்டடத்திலோ பாலத்திலோ இத்தகைய போக்கு தென்பட்டால் சுமையேற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். அதையும் அதே 4.5 சதவீதம் என்று எழுதி முடிப்பதுதான் இந்த முறையின் பெரிய குறை.

எந்த அளவீட்டுக்கு எவ்வளவு கவனம்

ஆய்வகங்களில் இறக்கத்தை அளப்பதற்கே மிகுந்த கவனம் தரப்படுகிறது. மேற்கண்ட சட்டத்தில் 0.01 மி.மீ. தவறாகப் படித்தால், 1 கி.கி. எடைக்கும்கூட ஏற்படும் பிழை ஒரு சதவீதத்துக்குக் குறைவே. தடிமன் அப்படியன்று. வாய்பாட்டில் தடிமனின் மூன்றாம் படி வருவதால், 5.9 மி.மீ. தடிமனை 6 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் அளந்த இறக்கம் கோட்பாட்டு மதிப்பைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும். அகலத்தில் அதே 0.1 மி.மீ. பிழை தரும் விளைவு 0.4 சதவீதம்தான். இடைத்தொலைவில் 2 மி.மீ. தவறினாலும் விளைவு 0.75 சதவீதமே.

ஆகவே 0.1 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட வெர்னியர் அளவியால் தடிமனை ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டு, இறக்கத்தை நூறில் ஒரு மி.மீ. வரை படிப்பதில் பயனில்லை. தடிமனைத் திருகு அளவியால் பல இடங்களில் அளக்க வேண்டும். சட்டத்துக்கு வண்ணம் பூசியிருந்தால் அந்தப் பூச்சும் தடிமனில் சேர்ந்துவிடும். ஆனால் அது வளைவைத் தடுப்பதில்லை. இருபுறமும் 0.05 மி.மீ. பூச்சு இருந்தாலே இரண்டாம் மாணவரின் வேறுபாட்டை விளக்கிவிடலாம்.

யங் குணகத்திலும் இதே சிக்கல் உண்டு. எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 800, யங் குணகத்தைச் சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன் எனக் கொள்கிறது. ஐரோப்பியத் தரவிதியான யூரோகோடு 3 அதை 2,10,000 எனக் கொள்கிறது. ஒரே சட்டத்துக்கு இரண்டு தரவிதிகளும் 5 சதவீத வேறுபாடுள்ள கோட்பாட்டு மதிப்புகளைத் தரும். வடிவமைப்புக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. ஆனால் ஆய்வகத்தில் 3 சதவீத வேறுபாட்டை மாணவரின் பிழை என்று எழுதும்போது, கோட்பாட்டு மதிப்பும் உறுதியற்றது என்பது மறக்கப்படுகிறது.

டயல் கேஜின் முள்ளைத் தள்ளும் சுருள்வில்லும் உத்திரத்தை அழுத்துகிறது. அந்த விசை பொதுவாக ஒரு நியூட்டன் அளவில், அதாவது சுமார் 100 கிராம் எடைக்கு இணையாக இருக்கும். 1 கி.கி. எடையோடு ஒப்பிட்டால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அது ஏறத்தாழ மாறாத விசை என்பதால், அளவுகளின் வேறுபாட்டை எடுக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. தனித்தனி அளவுகளைவிட வரைபடத்தின் சாய்வை நம்ப வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

சரிபார்ப்பு எனப்படுவது சரிபார்ப்புதானா

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களில், சீரான வளைவு, சீரற்ற வளைவு ஆகிய முறைகளில் குண்டூசியும் நகரும் நுண்ணோக்கியும் கொண்டு யங் குணகம் கண்டறியப்படுகிறது. அங்கு இறக்கத்தை அளந்து, வாய்பாட்டின் வழியே யங் குணகம் பெறப்படுகிறது. பொறியியல் ஆய்வகத்தில் நூலில் உள்ள யங் குணகத்தை இட்டு இறக்கம் கணிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே சமன்பாட்டை எதிரெதிர்த் திசைகளில் பயன்படுத்துகின்றன. முதல் ஆய்வில் வாய்பாடு சரி என்பது முன்கூட்டியே ஏற்கப்பட்டுவிட்டது. இரண்டாவதில் வாய்பாடு, யங் குணகம், தடிமன் மூன்றும் ஒன்றாகச் சோதிக்கப்படுவதால், எது தவறு என்று பிரித்தறிய முடியாது. நடுவில் ஒரே இடத்தில் சுமை வைத்து, அதே இடத்தில் அளந்து, கோட்பாடு சரிபார்க்கப்பட்டது என்று எழுதுவது மிகைக்கூற்றாகும்.

யங் குணகமும் தடிமனும் தெரியாமலேயே கோட்பாட்டைச் சோதிக்க வழிகள் உண்டு. இடைத்தொலைவை 400 மி.மீ.யிலிருந்து 800 மி.மீ. ஆக்கினால், அதே சுமைக்கு இறக்கம் எட்டு மடங்காக வேண்டும். நடுவில் சுமை வைத்து, முனையிலிருந்து கால் பங்கு தொலைவில் உள்ள புள்ளியின் இறக்கத்தையும் நடுப்புள்ளியின் இறக்கத்தையும் அளந்தால், அவை 11க்கு 16 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். முனைகள் திரும்ப முடியாதபடி இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால் இந்த விகிதம் 8க்கு 16 ஆகிவிடும். நடுப்புள்ளியின் இறக்கமும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே அளந்த விகிதம் 11க்கும் 8க்கும் இடையில் எங்கு நிற்கிறது என்பது தாங்கிகளின் உண்மை நிலையைக் காட்டிக்கொடுக்கும். கட்டடங்களில் உத்திரங்கள் கணித்ததைவிடக் குறைவாக இறங்குவதற்கு இந்தப் பகுதி இறுக்கம் ஒரு முக்கியக் காரணம்.

1864இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வெளியிட்ட பரிமாற்றுத் தேற்றம் இன்னொரு சோதனையைத் தருகிறது. கால் பங்குப் புள்ளியில் சுமை வைத்து நடுவில் அளக்கும் இறக்கமும், நடுவில் அதே சுமையை வைத்துக் கால் பங்குப் புள்ளியில் அளக்கும் இறக்கமும் சமமாக இருக்க வேண்டும். மேற்கண்ட சட்டத்தில் 1 கி.கி. எடைக்கு இரண்டும் 0.80 மி.மீ. ஆகும். இரண்டும் பொருந்தாவிட்டால் சட்டமோ தாங்கிகளோ நேரியல்பாக நடந்துகொள்ளவில்லை என்று பொருள். ஓர் எடையை இடம் மாற்றி வைப்பதைத் தவிர இதற்கு வேறு கருவி தேவையில்லை.

வரலாறு தரும் சான்றுகள்

உத்திரக் கோட்பாட்டின் வளர்ச்சியில் கணக்குக்கும் சோதனைக்கும் இடையிலான வேறுபாடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், சுவரில் ஒருமுனை பதிந்த உத்திரம் முறியும் விதத்தை ஆராய்ந்தார். குறுக்குவெட்டு முழுவதும் சமமாக இழுக்கப்படுவதாகவும், உத்திரம் கீழ் விளிம்பைப் பற்றித் திரும்புவதாகவும் அவர் கொண்டார். உத்திரத்தின் வலிமை அகலத்துக்கும் உயரத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்ற அவரது முடிவு சரியானது. ஆனால் அவர் முறைப்படி கிடைக்கும் வலிமை, ஊக்கின் விதிக்கு உட்படும் பொருளுக்கு இன்றைய கோட்பாடு தருவதைப் போல் மூன்று மடங்கு. எட்மே மரியோட் மரத்தண்டுகளையும் கண்ணாடித் தண்டுகளையும் முறித்துப் பார்த்து, கலிலியோவின் கணக்கு மிகையானது என்று கண்டார். அன்டுவான் பாரண் 1713இல் நடுநிலை அச்சின் இடத்தைச் சரியாக விளக்கினார். 1826இல் வெளிவந்த நாவியேயின் நூல் கோட்பாட்டுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. விகிதங்களை மட்டும் சோதித்திருந்தால் கலிலியோவின் கணக்கு தேறியிருக்கும். மதிப்பை நேரடியாகச் சோதித்ததால்தான் பிழை வெளிப்பட்டது. ஆகவே விகிதச் சோதனையும் மதிப்புச் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, இரண்டும் தேவை. அடுத்து, முரண்பட்ட அளவீட்டை மரியோட் தம் கைப்பிழை என்று ஒதுக்கவில்லை.

இரண்டாவது சான்று உயிர்களோடு தொடர்புடையது. 1847 மே 24 அன்று இங்கிலாந்தில் செஸ்டர் நகருக்கு அருகே, டீ ஆற்றின் மீதிருந்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் முறிந்து ஐவர் இறந்தனர். இதையடுத்து, ரயில்வே கட்டமைப்புகளில் இரும்பின் பயன்பாட்டை ஆராய அரசு ஆணையம் அமைக்கப்பட்டு, 1849இல் அறிக்கை வெளிவந்தது. ஆணையத்துக்காக ராபர்ட் வில்லிஸ் உள்ளிட்டோர் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் இரும்புச் சட்டங்கள் மீது எடையேற்றிய வண்டியை ஓடவிட்டு இறக்கத்தை அளந்தனர். வண்டியின் வேகம் கூடக்கூட இறக்கமும் கூடியது. சில சோதனைகளில் அது, நின்ற நிலையில் அதே எடை தந்த இறக்கத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. இதன் கணிதத்தை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1849இல் ஆராய்ந்தார். உண்மையான பாலங்களில் அளந்தபோது விளைவு மிகவும் சிறியதாகவே இருந்தது. பாலங்கள் அந்தச் சட்டங்களைவிடக் கனமும் விறைப்பும் மிக்கவை. ஆனால் ஓடும் சுமையைத் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அந்த வேறுபாட்டிலிருந்துதான் தெளிவானது. நிலையான சுமைக்கான வாய்பாட்டில் குறை இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு அது விடையல்ல என்பதே குறை.

கோட்பாட்டின் எல்லைகள்

வேறுபாடு உண்மையிலேயே கோட்பாட்டிலிருந்து வரும் இடங்களும் உண்டு. மேற்கண்ட வாய்பாடு வெட்டு விசையால் ஏற்படும் இறக்கத்தைச் சேர்ப்பதில்லை. செவ்வக எஃகுச் சட்டத்தின் உயரம் இடைத்தொலைவில் பத்தில் ஒரு பங்கு என்றால், விடுபடும் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 12 சதவீதத்துக்கு மேல். ஆனால் 800 மி.மீ. இடைத்தொலைவும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட ஆய்வகச் சட்டத்தில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய சட்டத்தின் 4 சதவீத வேறுபாட்டுக்கு வெட்டு விசையைக் காரணம் காட்டுவது, கணக்கிட்டுப் பார்க்காமல் எழுதும் விளக்கம் மட்டுமே.

அகன்ற மெல்லிய தகட்டில் பக்கவாட்டுச் சுருக்கமும் விரிவும் தடைபடுவதால், எஃகுத் தகடு வாய்பாடு சொல்வதைவிட 10 சதவீதம் வரை விறைப்பாக இருக்கலாம். வார்ப்பிரும்பு ஊக்கின் விதியைத் துல்லியமாகப் பின்பற்றுவதில்லை. சிறிய சுமையை நீக்கிய பின்னும் அதில் சிறிது வளைவு நிலைத்துவிடுவதை ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். பிரித்தானியா பாலத்துக்காக அவரும் வில்லியம் பேர்பேர்னும் செய்த சோதனைகளில், மெல்லிய இரும்புக் குழாய்களின் மேற்பகுதி நசுங்கிச் சுருங்கியது. எளிய வளைவுக் கோட்பாடு அந்தச் சரிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மதிப்பீடு

வளைவு ஆய்வு மலிவானது, எளியது, அழகான கோட்பாட்டைக் கண்முன் காட்டுவது. சதவீத வேறுபாட்டைக் கணக்கிடும் வழக்கத்திலும் பயன் உண்டு. பெருந்தவறுகளை, எடுத்துக்காட்டாக அலகு மாறியதை, அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஆய்வு அங்கே முடிந்துவிடுவதுதான் குறை. குறைந்த சதவீதத்துக்கு அதிக மதிப்பெண் என்ற எண்ணம் வேரூன்றினால், அளவுகளைக் கோட்பாட்டுக்கு ஏற்பத் திருத்தி எழுதும் பழக்கம் வளரும். தாங்கி நகர்வதை அளவி காட்டியும் அதை அடித்துவிட்டு எழுதக் கற்றவர், பின்னாளில் பாலத்தின் சுமைச் சோதனையிலும் அதையே செய்யக்கூடும்.

இதற்குத் தேவையான மாற்றங்கள் சிறியவை. எடைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளவுகளைக் குறிக்க வேண்டும். சராசரிச் சதவீதத்துக்கு மாறாகச் சுமை–இறக்க வரைபடத்தை வரைந்து, அதன் சாய்வையும் தொடக்கப் புள்ளியையும் வளைவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தாங்கிகளின் மேலும் ஓர் அளவியை வைத்து அவை அசைகின்றனவா என்று அறிய வேண்டும். காரணம் என்று எதை எழுதினாலும், அது இத்தனை சதவீத வேறுபாட்டைத் தரவல்லதா என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அப்போது மேற்கண்ட மூன்று மாணவர்களும் மூன்று வெவ்வேறு முடிவுகளை எழுதுவார்கள். மூன்றும் சரியாக இருக்கும்.